எஸ். ஜி. கிட்டப்பா

செங்கோட்டை கங்காதர ஐயர் கிட்டப்பா (ஆகஸ்ட் 25, 1906 – டிசம்பர் 2, 1933) தமிழ் நாடக மேடையின் புகழ்பெற்ற நடிகரும் பாடகரும் ஆவார். ஒலிபெருக்கி வழக்கத்திற்கு வராத காலத்தில், கூட்டமும் இரைச்சலும் மிகுந்த நாடகக் கொட்டகைகளில் தம் குரல் ஒன்றையே தொழிலுக்கு மூலதனமாகக் கொண்டு முன்னேறியவர். இருபத்தேழு ஆண்டுகளே வாழ்ந்த போதிலும் இவருடைய பாடும் முறை பின்வந்த நடிகர்கள் பலருக்கு முன்மாதிரியாக அமைந்தது. நாடக, திரைப்பட நடிகை கே. பி. சுந்தராம்பாள் இவருடைய இரண்டாவது மனைவியாவார்.

பிறப்பும் இளமையும்

கிட்டப்பா செங்கோட்டையில் கங்காதர ஐயர், மீனாட்சி அம்மாள் இணையருக்குப் பிறந்தார். இவருடைய இயற்பெயர் இராமகிருஷ்ணன். செங்கோட்டை இன்று தென்காசி மாவட்டத்தில், குற்றாலத்திற்கு அருகே மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ளது. அக்காலத்தில் அவ்வூர் திருவிதாங்கூர் சமத்தானத்தைச் சேர்ந்திருந்தது. 1956 ஆம் ஆண்டு மாநில மறுசீரமைப்பின் போதே தமிழகத்துடன் இணைந்தது.

பெரிய குடும்பம், குறைந்த வருவாய் என்ற நிலையில் பிள்ளைகளுக்கு முறையான கல்வி கிடைக்கவில்லை. அந்நாளில் நன்றாகப் பாடும் ஏழைச் சிறுவர்களுக்கு உணவும் உடையும் ஊதியமும் தரக்கூடிய இடமாகப் பாலர் நாடகக் கம்பெனிகள் விளங்கின. கிட்டப்பாவும் அவருடைய தமையன்மாரும் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) ஆசிரியராக இருந்த சமரச சன்மார்க்க நாடக சபையில் சேர்ந்தனர். மேடை ஏறியபோது கிட்டப்பாவுக்கு வயது ஏறத்தாழ ஆறு.

நாடகப் பயிற்சி

பாலர் கம்பெனிகளில் எழுத்தறிவுக்கு முன்பே பாட்டும் வசனமும் கேள்வி வழியாக மனப்பாடமாக ஊட்டப்பட்டன. சிறுவர்களே பெண் வேடங்களையும் ஏற்றனர். இச்சிறுவர்களுக்கு மிகவும் அச்சம் தருவதாக இருந்தது பதின்ம வயதில் வரும் மகரக்கட்டு எனப்படும் குரல் உடைவு. குரல் உடைந்தவுடன் முக்கிய வேடங்களை இழந்தவர்களும், மேடையை விட்டே விலகியவர்களும் பலர். கிட்டப்பா அப்பருவத்தைக் கடந்த பின்னும் உயர்ந்த சுருதியில் தடையின்றிப் பாடும் ஆற்றலைத் தக்க வைத்துக்கொண்டார். இவருடைய பிற்காலப் புகழுக்கு இதுவே அடிப்படை எனலாம்.

பின்னர் சி. கன்னையாவின் ஸ்ரீ கிருஷ்ண விநோத சபாவில் இவர் சேர்ந்தார். பகட்டான காட்சி அமைப்புகளுக்கும் தந்திரக் காட்சிகளுக்கும் பெயர்பெற்ற அக்கம்பெனியின் தசாவதாரம் நாடகம் மிகுந்த வரவேற்பைப் பெற்றது. காட்சி விநோதங்களைப் பார்க்க வந்த மக்கள், நாளடைவில் கிட்டப்பாவின் பாட்டைக் கேட்பதற்காகவும் வரத் தொடங்கினர். தமையன் காசி ஐயர் இவருக்கு ஆர்மோனியம் வாசித்தார். 1924 ஆம் ஆண்டில் கிட்டப்பாவுக்கும் கிட்டம்மாளுக்கும் திருமணம் நடைபெற்றது.

இரைச்சலுக்கு நடுவே குரல்

சென்னை, மதுரை, கொழும்பு போன்ற நகரங்களின் நாடகக் கொட்டகைகள் இன்றைய அரங்குகளைப் போன்றவை அல்ல. பல கொட்டகைகள் தகரக் கூரை வேய்ந்தவை. நாடகம் இரவு தொடங்கி விடியும் வரை நடக்கும். தெருவின் ஓசை, தின்பண்டம் விற்போரின் கூவல், குழந்தைகளின் அழுகை ஆகியவற்றைத் தாண்டிக் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவருக்கும் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும். குரல் எட்டாத நடிகருக்கு அடுத்த ஒப்பந்தம் கிடைப்பது அரிது. நாடக நடிகர்கள் உயர்ந்த சுருதியைத் தேர்ந்ததற்கு இதுவே முதன்மைக் காரணம்.

கிட்டப்பா உரத்துப் பாடியதோடு நின்றுவிடவில்லை. மேல் தாயியில் விரைவான பிருகாக்களைப் பாடும்போதும் சொற்கள் சிதையாமல் ஒலித்தன என்பதை இவருடைய இசைத்தட்டுகளில் இன்றும் கேட்டறியலாம். பிடித்த பாட்டை மீண்டும் பாடும்படி மக்கள் 'ஒன்ஸ்மோர்' கேட்பது அக்கால வழக்கம். அவ்வாறு கேட்கப்பட்ட நடிகர் கதையை நிறுத்திவிட்டுப் பாட்டை விரித்துப் பாடுவார். மக்களின் அன்புக்கு அடையாளமான இவ்வழக்கம் நடிகரின் தொண்டைக்குப் பெருஞ்சுமையாகவும் இருந்தது.

சுந்தராம்பாளுடன்

1926 இல் கிட்டப்பா இலங்கைக்குச் சென்றார். அங்கு ஏற்கெனவே தம் குரல் வளத்தால் புகழ்பெற்றிருந்தவர் கொடுமுடியைச் சேர்ந்த கே. பி. சுந்தராம்பாள். அக்காலத்து 'ஸ்பெஷல் நாடகம்' என்ற முறையில், ஒரு கம்பெனியைச் சேராத நடிகர்கள் தனித்தனியே ஒப்பந்தம் பெற்று, ஒத்திகை இல்லாமலே மேடையில் சந்தித்து நடித்தனர். எனவே இராஜபார்ட், ஸ்திரீபார்ட் ஆகிய இருவரும் பாட்டால் ஒருவரை ஒருவர் மிஞ்ச முயல்வது இயல்பு. வள்ளி திருமணம் நாடகத்தில் இவ்விருவரும் இணைந்தபோது, கிட்டப்பாவுக்கு ஈடுகொடுத்துப் பாடச் சுந்தராம்பாளால் இயலுமா என்ற ஐயம் சிலருக்கு இருந்தது. இருவரும் ஈடாகப் பாடினர். அது முதல் இவ்விணைக்குப் பெருங்கூட்டம் கூடியது.

1927 இல் இருவரும் மணம் புரிந்துகொண்டனர். தமக்கெனச் சொந்த நாடகக் குழு அமைத்துத் தமிழகம் எங்கும் நாடகங்களை நடத்தினர். இந்திய விடுதலைப் போராட்டத்திற்கு ஆதரவான பாடல்களையும் மேடையில் பாடினர். எனினும் குடும்பச் சிக்கல்களாலும் மனவேறுபாட்டாலும் இருவரும் சில ஆண்டுகளில் பிரிந்தனர். பிரிவுக் காலத்தில் சுந்தராம்பாள் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் அச்சில் வெளிவந்தன. மேடையில் போற்றப்பட்ட இணையின் வாழ்வில் இருந்த துயரத்தை அவை காட்டுகின்றன.

இசைத்தட்டுகள்

கிட்டப்பாவின் நாடகப் பாடல்களும் கீர்த்தனைகளும் கிராமபோன் இசைத்தட்டுகளாக வெளிவந்தன. மேடையில் நெடுநேரம் விரித்துப் பாடியவற்றை, மூன்று நிமிடங்களுக்குச் சற்றே கூடுதலாக ஓடும் தட்டின் ஒரு பக்கத்திற்குள் சுருக்கிப் பாட வேண்டியிருந்தது. நாடகத்தைக் காண வாய்ப்பில்லாத சிற்றூர்களுக்கும் அயல்நாடுகளுக்கும் இத்தட்டுகளே இவர் குரலைக் கொண்டு சென்றன. முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸ் 1931 அக்டோபரில் வெளிவந்தது. ஆனால் கிட்டப்பா எத்திரைப்படத்திலும் நடிக்கவில்லை. ஆகவே இவருடைய நடிப்பைக் காட்டும் பதிவு எதுவும் இல்லை. குரல் மட்டுமே எஞ்சியுள்ளது.

மறைவு

இரவு முழுவதும் நீடித்த நாடகங்கள், இடைவிடாத பயணங்கள், குடிப்பழக்கம் ஆகியவற்றால் கிட்டப்பாவின் உடல்நலம் சீர்குலைந்தது. நோயுற்ற நிலையிலும் மேடை ஏறினார். 1933 டிசம்பர் 2 அன்று காலமானார். அப்போது சுந்தராம்பாளுக்கு வயது இருபத்தைந்து. அது முதல் அவர் வெள்ளாடை உடுத்தி, 1980 இல் தாம் இறக்கும் வரை கைம்பெண் கோலத்திலேயே வாழ்ந்தார். சில காலம் மேடையை விட்டு விலகியிருந்த அவர், பின்னர் நந்தனார் (1935), ஔவையார் (1953) முதலிய திரைப்படங்களில் நடித்துப் புகழ்பெற்றார்.

தாக்கம்

எம். கே. தியாகராஜ பாகவதர், டி. ஆர். மகாலிங்கம் ஆகியோரின் பாட்டில் கிட்டப்பாவின் செல்வாக்கு உண்டு என்பர். அவர்கள் நடித்த திரைப்படங்களில் ஒலிவாங்கி பயன்பட்டபோதும் உயர்ந்த சுருதியில் பாடும் நாடக மேடை வழக்கம் தொடர்ந்தது. பின்னாளில் ஒலிவாங்கிக்கு ஏற்ற மென்குரல் பரவலானபோது அவ்வழக்கம் குறைந்தது. வசந்தபாலன் இயக்கத்தில் 2014 இல் வெளிவந்த காவியத் தலைவன் திரைப்படத்தின் கதை, கிட்டப்பா, சுந்தராம்பாள் ஆகியோரின் காலத்து நாடக வாழ்வைத் தழுவி அமைந்தது.