வேலு நாச்சியாரும் சிவகங்கைத் திருநாமமும்

ஓர் ஊரின் பெயரிலே அவ்வூராரது தெய்வபத்தியும் நிலத்தின் இயல்பும் பொதிந்து கிடத்தலுண்டு. நீரூற்றினாற் பெயர்பெற்று, ஊற்றங்கரைப் பிள்ளையாரை வழிபட்டு வாழும் தண்ணீரூற்று மக்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பாண்டிநாட்டிலும் ஊற்றொன்றினாற் பெயர்பெற்ற சீமை ஒன்றுண்டு. அது சிவகங்கை. பகைவரால் மாற்றப்பட்ட அதன் பெயரைப் படைகொண்டு மீட்ட அரசியாரே வேலு நாச்சியார்.

காளையார்கோயிற் காட்டிலே, சிவகங்கை என்னும் ஊற்றின் மருங்கில், நாவன்மரத்தின்கீழ்ச் சாத்தப்பையா என்னும் ஞானியார் தவமியற்றினார் என்றும், அவரருள் பெற்ற சசிவர்ணத் தேவர் அரசெய்தியபின் அவ்வூற்றைத் திருக்குளமாக்கி, அதன் பெயராலே நகரமுஞ் சமைத்தார் என்றும் அந்நாட்டார் கூறுவர்.

வேலு நாச்சியார் 1730ஆம் ஆண்டில் இராமநாதபுரத்துச் செல்லமுத்து விசயரகுநாத சேதுபதிக்கு மகளாராய்ப் பிறந்தார். வாட்போரும் சிலம்பமும் குதிரையேற்றமும் பயின்றார். மொழிகள் பலவுங் கற்றார். 1746இல் சசிவர்ணத் தேவரின் மைந்தராகிய முத்து வடுகநாதத் தேவரை மணந்து, வெள்ளச்சி என்னும் புதல்வியைப் பெற்றார்.

1772ஆம் ஆண்டு யூன் மாதம் 25ஆந் திகதி, ஆர்க்காட்டு நவாபு முகமது அலியின் சேனையும் ஆங்கிலக் கும்பினிச் சேனையும் ஒருங்குகூடிக் காளையார்கோயிலைத் தாக்கின. சம்பந்தரும் சுந்தரரும் பாடியருளிய திருக்கானப்பேர் இதுவே. அத்தலத்திலே வடுகநாதத் தேவர் போர்செய்து மாண்டார். நகரம் நவாபின் வசமாயிற்று. சிவகங்கை என்னும் பெயர் நீக்கப்பட்டு, உசேன் நகர் என்னும் பெயர் இடப்பட்டது.

கணவரையும் அரசையும் ஒருங்கே இழந்த அம்மையார் மனந்தளர்ந்தாரல்லர். அமைச்சர் தாண்டவராய பிள்ளையும் மருது சகோதரருந் துணைவர, மகளாரோடு திண்டுக்கல்லை அடுத்த விருப்பாட்சியை அடைந்து, கோபால நாயக்கரது ஆதரவில் வைகினார். மைசூரை ஆண்ட ஐதர் அலியிடம் படையுதவி வேண்டினார். மீட்சியைக் காணாமலே தாண்டவராய பிள்ளை காலஞ்சென்றார். எட்டாண்டுகள் கழிந்தன. 1780இல், ஐதர் அலி உதவிய படையோடும் மருது சகோதரர் திரட்டிய வீரரோடும் அம்மையார் திரும்பிவந்தார்.

அரசியார் சென்ற வழியைப் பகைவருக்குச் சொல்ல மறுத்து வெட்டுண்ட உடையாள் என்னும் பெண்ணின் பெயரால் மகளிர் படையொன்று இருந்தது என்பதும், விசயதசமியன்று அப்படையினர் இராசராசேசுவரியம்மை ஆலயத்தை வழிபடுவார்போல நகரினுட் புகுந்தனர் என்பதும், குயிலி என்பாள் தன்னுடலில் எரியூட்டி வெடிமருந்துச் சாலையை அழித்தாள் என்பதும் அந்நாட்டில் வழங்குங் கதைகள். அரசு மீண்டது, சிவகங்கை என்னும் பெயரும் மீண்டது. இன்று தமிழ்நாட்டின் மாவட்டமொன்றே அப்பெயரால் வழங்குகின்றது. அம்மையார் 1796ஆம் ஆண்டு திசெம்பர் மாதம் 25ஆந் திகதி இறைவன் திருவடி சேர்ந்தார்.

இவ்வரலாற்றைப் போதிக்குஞ் சைவாசிரியர்கள் ஒன்றைக் கருத்தில் இருத்தல் வேண்டும். பெயரை மாற்றிய நவாபும் இசுலாமியர். மீட்கத் துணைநின்ற ஐதர் அலியும் இசுலாமியர். சிவதலத்தில் வடுகநாதத் தேவரை வீழ்த்திய சேனையிலோ கும்பினியாரும் இருந்தனர். ஆதலின், இது சமயப்பகை வளர்க்கும் கதையாக ஒருபோதும் ஆகாது. பிறர் நாட்டைக் கவரும் பேராசையையும், தன் நாட்டையும் திருநாமத்தையுங் காக்கும் உறுதியையுமே இதன்கண் மாணவர் காணுதல் வேண்டும்.

1803இல் கற்சிலைமடுவில் ஆங்கிலேயரை எதிர்த்த பண்டாரவன்னியனாரை நம் வன்னிப் பிள்ளைகள் நன்கறிவர். அவ்வீரர் வரலாற்றோடு இவ்வம்மையார் வரலாற்றையும் எடுத்துரைத்து, தத்தம் ஊர்ப்பெயரின் காரணத்தை மூத்தோரிடம் கேட்டு எழுதிவருமாறு மாணவரை ஏவுதல் நலம். பெயரின் பொருளை அறிந்த பிள்ளையே அதனைப் பேணும்.