தலைச்சுற்றின் காரணம் தேடிய ரொபர்ட் பாரனி

யாருக்காவது தலை சுற்றினால் எங்கள் ஊரில் முதலில் பித்தம் என்பார்கள். அடுத்து, சாப்பிடாமல் இருந்ததால் வந்தது என்பார்கள். பிறகு பிரஷர் என்பார்கள். காதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நம் உடலின் சமநிலையைக் காக்கும் உறுப்பு ஒன்று உட்செவிக்குள் இருக்கிறது என்பதை உயர்தரத்தில் உயிரியல் படிக்கும்போதுதான் நான் அறிந்தேன். தலைச்சுற்று காதிலிருந்தும் வரலாம் என்பதை 1861இல் பிரெஞ்சு வைத்தியர் மெனியர் எடுத்துக்காட்டினார். நோயாளியின் உட்செவி ஒழுங்காக இயங்குகிறதா எனச் சோதித்தறியும் எளிய வழியைத் தந்தவர் ரொபர்ட் பாரனி.

பாரனி 1876 ஏப்ரல் 22ஆம் திகதி ஒஸ்திரியாவின் வியன்னா நகரில் யூதக் குடும்பமொன்றில் ஆறு பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். சிறுவயதில் எலும்பைத் தாக்கிய கசநோயால் அவரது முழங்கால் ஒன்று நிரந்தரமாக விறைத்துப்போனது. ஆயினும் அவர் டெனிஸ் விளையாடினார், மலையேறினார். அந்த நோய்தான் அவருக்கு மருத்துவத்தின்மீது ஆர்வத்தை ஏற்படுத்தியது என்பர். 1900இல் வியன்னாப் பல்கலைக்கழகத்தில் வைத்தியப் பட்டம் பெற்று, பின்னர் அந்நகரின் புகழ்பெற்ற காது சிகிச்சை நிலையத்தில் பணியாற்றினார்.

நோயாளிகளின் காதைத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவுவது அங்கு அன்றாட வேலை. அப்போது பலருக்குத் தலை சுற்றியது. அவர்களின் கண்மணிகள் ஒரு பக்கம் மெல்ல நகர்ந்து, மறுபக்கம் வெடுக்கெனத் திரும்புவதைப் பாரனி கவனித்தார். ஒருநாள் ஒரு நோயாளி, தண்ணீர் குளிராக இருந்தால்தான் தனக்குத் தலை சுற்றுகிறது என முறைப்பட்டார். வேறொருவருக்கு வெந்நீர் பாய்ச்சியபோது, சூடு அதிகம் என அவர் முறைப்பட்டார். அவருக்கும் தலை சுற்றியது. ஆனால் கண்களோ எதிர்த்திசையில் அசைந்தன. அப்படியானால் காரணம் தண்ணீர் அல்ல, அதன் வெப்பநிலைதான் என்பது பாரனிக்குப் புரிந்தது.

குளியலறையில் நீரைச் சூடாக்கும் பாத்திரத்தை அவர் நினைத்துப் பார்த்தார். சூடான நீர் மேலெழும். குளிர்ந்த நீர் கீழிறங்கும். உட்செவியின் அரைவட்டக் கால்வாய்களிலுள்ள திரவமும் அவ்வாறே ஓடி, தலை சுழல்வதாக மூளைக்குப் பொய்ச் செய்தி அனுப்பும் என ஊகித்தார். அது சரியானால், தலையின் நிலையை மாற்றும்போது கண்ணசைவின் திசையும் மாற வேண்டும். சோதித்தார், மாறியது. நீண்ட காலத்தின் பின் 1983இல் விண்வெளியில் நடந்த பரிசோதனை, அவரது விளக்கம் மட்டுமே போதாது எனக் காட்டியது. ஆனால் அவர் வகுத்த சோதனை இன்றும் வைத்தியசாலைகளில் பயன்படுகிறது.

முதலாம் உலகப் போர் மூண்டபோது, விறைத்த காலுடன் அவர் இராணுவ வைத்தியராகத் தாமாகவே முன்வந்தார். 1915இல் பிசெமிசில் கோட்டை வீழ்ந்தபோது ரஷ்யரிடம் சிறைப்பட்டு, மத்திய ஆசியாவின் மர்வ் நகருக்கு அனுப்பப்பட்டார். ஒரு காலத்தில் குராசானின் தலைநகராக, முஸ்லிம் அறிஞர்கள் நிறைந்து விளங்கிய அதே மர்வ்தான் அது. அங்கு மலேரியாவால் வருந்தியபோதும் பிறருக்கு வைத்தியம் செய்தார். 1914ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு தமக்குக் கிடைத்த செய்தி அவரைக் கைதியாகவே வந்தடைந்தது. சுவீடன் இளவரசர் கார்ல் செஞ்சிலுவைச் சங்கத்தின் சார்பில் எடுத்த முயற்சியால் 1916இல் விடுதலையாகி, ஸ்டொக்ஹோம் சென்று பரிசைப் பெற்றார்.

வியன்னா திரும்பியவருக்கு வரவேற்பு கிடைக்கவில்லை. மற்றவர்களின் ஆய்வுகளுக்கு உரிய இடம் கொடுக்கவில்லை எனச் சக வைத்தியர்கள் குற்றஞ்சாட்டினர். மனம் நொந்த அவர் 1917இல் சுவீடனின் உப்சாலாவுக்குச் சென்று, 1936 ஏப்ரல் 8ஆம் திகதி மரணிக்கும் வரை அங்கேயே பணிபுரிந்தார். அறுபது வயது நிறைவடைய இரண்டு வாரங்களே இருந்தன.

உப்சாலாவிலிருந்த காலத்தில், 1921இல், தலையைப் பக்கமாகத் திருப்பிப் படுத்தால் மட்டும் தலைச்சுற்று வரும் ஓர் இளம்பெண்ணைப் பற்றி அவர் எழுதினார். இதை வாசித்தபோது எனக்கு உம்மும்மாவின் நினைவு வந்தது. ஸுஜூதுக்குத் தலையைத் தாழ்த்தினால் அறையே சுழல்வதாக அவர் பல மாதங்கள் சொன்னார். வயதுக்கோளாறு என்று நாங்கள் கதிரை போட்டுக் கொடுத்தோம். அவரும் அமர்ந்தே தொழுதார். கடைசியில் ஒரு வைத்தியர் அவரைக் கட்டிலில் சாய்த்து, தலையைத் திருப்பி, கண்ணசைவைப் பார்த்தார். உட்செவியிலுள்ள நுண்ணிய கல்சியம் காபனேற்றுப் பளிங்குகள் இடம் மாறி, கால்வாய்க்குள் புகுந்திருந்தன. தலையைச் சில நிலைகளில் மாற்றி மாற்றி வைத்தே அவற்றை வெளியேற்றினார். மாத்திரைகூடத் தேவைப்படவில்லை.

தண்ணீர் குளிர் என்றவரின் பெயரும், சூடு என்றவரின் பெயரும் பாரனியின் வரலாற்றில் இல்லை. அவை அன்றாடம் எந்தச் சிகிச்சை நிலையத்திலும் கேட்கும் முறைப்பாடுகள்தான். நோயாளியைச் சமாதானப்படுத்திவிட்டு அடுத்தவரை அழைத்திருக்கலாம். அவர் நின்று கேட்டார். ஏன் என்று யோசித்தார். வைத்தியத் துறைக்குச் செல்லும் ஆசையோடு படிக்கும் நாம், இன்ஷா அல்லாஹ், அந்தக் கதிரையில் அமரும் நாளில் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும். அதுவரை, வீட்டில் ஒருவர் தலை சுற்றுகிறது என்றால், பித்தம் என்று முடிவு கட்டுமுன் எப்போது, எப்படிச் சுற்றுகிறது என்றாவது கேட்போம்.