அமரர் எஸ். எஸ். வாசன்: விளம்பரமும் அதன் நையாண்டியும்

எண்பதுகளில் துபாய், அபுதாபி, தோஹா முதலிய இடங்களுக்குத் தொழில் தேடிச் சென்ற எம்மவர் ஊருக்கு அனுப்பிய பொருள்களுள் வீடியோ நாடாவும் ஒன்று. வளைகுடாவிலிருந்து வந்த அந்நாடாக்கள் பலவற்றில், கதாநாயகி கண்ணீர் விட்டாலும் வில்லன் வாள் உருவினாலும், திரையின் அடிப்பகுதியில் நகைக்கடை, துணிக்கடை விளம்பர வரிகள் ஓடிக்கொண்டேயிருக்கும். அதை ஒரு குறையாக எவரும் எண்ணியதில்லை. படமும் விளம்பரமும் ஒன்றாகவே வரும் என்பது எமக்குப் பழகிவிட்டிருந்தது. இப்பழக்கத்தைத் தமிழுலகில் ஏற்படுத்தியவர்களுள் முதன்மையானவர் எஸ். எஸ். வாசன். அவரே விளம்பரப் புரட்டை எள்ளி நகையாடிய ஒரு படத்தையும் தயாரித்தார் என்பது இன்று பலருக்கும் தெரியாத செய்தி.

திருத்துறைப்பூண்டி சுப்பிரமணியம் ஸ்ரீநிவாசன் என்ற வாசன், அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில் 1904ஆம் ஆண்டு பிறந்தார். இளம் பருவத்திலேயே தந்தையை இழந்தார். கைம்பெண்ணான தாயார் மகனை அழைத்துக்கொண்டு சென்னை வந்து சேர்ந்தார். வறுமை காரணமாக வாசனின் கல்லூரிப் படிப்பு முற்றுப்பெறவில்லை. வீடு வீடாகவும் கடை கடையாகவும் ஏறி இறங்கிப் பத்திரிகைகளுக்கு விளம்பரம் சேகரித்துக் கொடுப்பதும், தபால் மூலம் பொருள்களை விற்பதும் அவரது முதல் தொழில்களாயின. கண்ணுக்குத் தெரியாத வாசகனைப் பத்துச் சொற்களில் மயக்கி, அஞ்சலகம் வரை நடக்க வைக்கும் வித்தையை அங்குதான் அவர் கற்றார். எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடைக்காத படிப்பு அது. விரிவுரை மண்டபங்களில் காலங்கழித்த எம் போன்றோர் இதைச் சொல்லியே ஆகவேண்டும்.

அவர் விளம்பரம் சேகரித்துக் கொடுத்த பத்திரிகைகளுள் ஒன்று ஆனந்த விகடன். பூதூர் வைத்தியநாதையர் 1926இல் தொடங்கிய அந்த நகைச்சுவைச் சஞ்சிகை தள்ளாடிக் கொண்டிருந்தது. 1928இல் வாசன் அதனை 200 ரூபாவுக்கு வாங்கினார். பெயரிலுள்ள எட்டு எழுத்துகளுக்கு எழுத்தொன்றுக்கு 25 ரூபா வீதம் விலை பேசினார் என்று சொல்வார்கள். கல்கியின் எழுத்தும் மாலியின் கேலிச்சித்திரமும் சேர, விகடன் தமிழர் வீடுகளில் ஒரு பழக்கமாகவே ஆயிற்று. பரிசுத் தொகையுடன் நடத்தப்பட்ட குறுக்கெழுத்துப் போட்டிகள் விற்பனையைப் பெருக்கின. அவற்றைச் சூதாட்டம் என்று கண்டித்தோரும் இருந்தனர். அக்கண்டனத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. எனினும் அந்தப் பணத்தில்தான் எழுத்தாளருக்கும் ஓவியருக்கும் ஒழுங்காகச் சம்பளம் கொடுக்க இயன்றது. 1939இல் கல்கியின் தியாக பூமி தொடராக வெளிவந்தபோது, அப்போது தயாராகிக்கொண்டிருந்த திரைப்படத்தின் புகைப்படங்களே கதைக்குச் சித்திரங்களாக இடம்பெற்றன. கதை படத்துக்கு விளம்பரம், படம் கதைக்கு விளம்பரம். இரண்டையும் வாசகன் காசு கொடுத்தே வாங்கினான்.

அதற்கு முன்னரே வாசனின் பெயர் திரைக்கு வந்துவிட்டது. அவர் விகடனில் எழுதிய சதி லீலாவதி, 1936இல் அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கனின் இயக்கத்தில் படமாயிற்று. இலங்கையில் பிறந்த எம். ஜி. இராமச்சந்திரனும் டி. எஸ். பாலையாவும் இப்படத்தில்தான் அறிமுகமாயினர். என். எஸ். கிருஷ்ணனும் இதில் நடித்தார். கதாநாயகன் குடியால் கெட்டு, கொலை செய்துவிட்டதாக அஞ்சி, இலங்கைக்கு ஓடித் தேயிலைத் தோட்டத்தில் கூலியாகிறான். ஊரில் வாழ முடியாதவன் கடல் கடந்து ஒளிந்து வாழும் கதை தமிழ்ப் பேசும் படத்துக்கு அவ்வளவு முற்பட்டே வந்துவிட்டது. இக்கதை தமது நாடகத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று வேறொரு தரப்பினர் வழக்குத் தொடுத்தபோது, இரண்டுமே ஹென்றி வுட் சீமாட்டியின் ஆங்கில நாவலொன்றிலிருந்து வந்தவை என்று வாசன் நீதிமன்றத்திலேயே சாட்சியமளித்தார். ஒளிவு மறைவற்ற வியாபாரி அவர்.

நாற்பதுகளின் தொடக்கத்தில், தீவிபத்துக்குள்ளாகி ஏலத்துக்கு வந்த மவுண்ட் ரோடு ஸ்டூடியோ ஒன்றை அவர் வாங்கி, ஜெமினி என்று பெயரிட்டார். பெயர் அவரது பந்தயக் குதிரையிலிருந்து வந்ததென்பர் சிலர். துணைவியாரின் ராசியென்பர் வேறு சிலர். ஊதுகுழலுடன் நிற்கும் இரட்டைச் சிறுவர் முத்திரை, எழுத்தறியாதவரும் அடையாளம் காணத்தக்க விளம்பரமாயிற்று. நந்தனார் 1942இலும் மங்கம்மா சபதம் 1943இலும் வெளிவந்தன. அதன்பின் வாசன் துணிந்து செய்த காரியம் சிறிது விரிவாகச் சொல்லத்தக்கது.

அடுத்த படம் சந்திரலேகா என்று அவர் விளம்பரம் செய்தார். ஆனால் அவர் கையில் கதை இல்லை. கதை இலாகாவினர் கொண்டுவந்த கதையை அவர் நிராகரித்துவிட்டார். அதிலிருந்த நாயகியின் பெயர் மாத்திரம் அவருக்குப் பிடித்திருந்தது. பெயரை வைத்துக்கொண்டு விளம்பரத்தைத் தொடங்கிவிட்டார். கதை தேடி அலைந்த உதவியாளர் வேப்பத்தூர் கிட்டு, ஜி. டபிள்யூ. எம். ரெயினால்ட்ஸ் என்ற ஆங்கிலேயரின் பழைய நாவலொன்றைக் கண்டெடுத்தார். இங்கிலாந்தில் உலவும் பிரெஞ்சுக் கொள்ளைக்காரன் றோபேர் மக்கேரைப் பற்றியது அது. இருட்டில் வழிமறிக்கப்படும் வண்டியும், அதனுள் ஒளிந்திருக்கும் இளம்பெண்ணும் கிட்டுவின் கைபட்டு சந்திரலேகாவின் தொடக்கமாயின. ரெயினால்ட்ஸின் நாவல்களை ஆரணி குப்புசாமி முதலியார் முதலியோர் ஏற்கெனவே தமிழாக்கித் தந்திருந்தமையால் அம்மணம் எம் வாசகர்க்குப் புதிதன்று.

இங்கே பிரான்சில் வாழும் வாசகர்கள் சற்று நிற்கவேண்டும். றோபேர் மக்கேர் என்ற பாத்திரம் பாரிஸ் மேடையில் 1823இல் தோன்றியது. கடுமையான துன்பியல் நாடகமாக எழுதப்பட்டதை நடிகர் பிரெடெரிக் லெமேத்ர் கேலியாக நடித்துக் காட்டிப் புகழ் பெற்றார். 1835ஆம் ஆண்டின் தணிக்கைச் சட்டம் அரசியல் கேலிச்சித்திரத்தை முடக்கியபின், ஓவியர் தோமியேயும் பத்திரிகையாளர் பிலிப்போனும் அரசனை விட்டுவிட்டு மக்கேரைப் பிடித்துக்கொண்டனர். 1836 முதல் 1838 வரை நூறு சித்திரங்கள் வந்தன. அவற்றில் மக்கேர் கத்தி ஏந்தும் கொள்ளைக்காரனல்லன். இல்லாத கம்பனிக்குப் பங்கு விற்பவன், போலி மருந்து விற்பவன், சுவரொட்டியும் பத்திரிகை விளம்பரமுமே ஆயுதமாகக் கொண்டவன். அதே 1836இல்தான் எமில் டு ஜிரார்தின் விளம்பர வருமானத்தை நம்பிச் சந்தாவைப் பாதியாகக் குறைத்துப் புதிய நாளிதழைப் பாரிஸில் தொடங்கினார். தோமியே அவரையும் விட்டுவைக்கவில்லை. 2007இல் ஜான் கூனென் இயக்கத்தில் ஜான் துஜார்டன் நடித்த 99 பிராங் என்ற படம் விளம்பர நிறுவனங்களைச் சாடியபோது, அது ஒரு புதுமை என்று பேசப்பட்டது. அதன் மூலநாவலை எழுதிய பெக்பெடேயும் விளம்பரத் துறையில் சம்பளம் வாங்கியவரே. ஆனால் அந்தப் பரம்பரை தோமியே காலத்தது.

ஆக, விளம்பரப் புரட்டின் பிரெஞ்சுச் சின்னமான ஒருவன், விளம்பரத்தை மாத்திரம் கையில் வைத்துக்கொண்டு கதை தேடிய ஒரு தமிழரிடம் வந்து சேர்ந்தான். இதை வாசனோ கிட்டுவோ அறிந்திருந்தனர் என்று கொள்வதற்கில்லை. எனினும் சந்திரலேகா தயாராகி வந்த ஆண்டுகளிலேயே, அதே ஸ்டூடியோவிலிருந்து மக்கேரின் உடன்பிறப்பு என்று சொல்லத்தக்க ஒருவன் வெளிவந்தான். அவன் பெயர் சம்பத்.

1947 செப்டெம்பரில் வெளியான மிஸ் மாலினியின் கதையை எழுதியவர் ஆர். கே. நாராயண். இயக்குநராகப் பெயர் பெற்றவர் கொத்தமங்கலம் சுப்பு. சம்பத்தாக நடித்தவரும் அவரே. பாமரர் பேச்சும் பாட்டும் கைவந்த அவர், பின்னர் தில்லானா மோகனாம்பாளை விகடனில் எழுதினார். மாலினியாகப் புஷ்பவல்லி நடித்தார். எம். எஸ். சுந்தரிபாய் உடன் நடித்தார். சட்டம் படித்த ஜாவர் சீதாராமனுக்கு இது முதற்படம். ஜெமினி அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த கணேசன் என்ற இளைஞரும் ஒரு சிறு வேடத்தில் தலைகாட்டினார். பிற்காலத்தில் அவர் ஸ்டூடியோவின் பெயரையே தமது பெயராக்கிக் கொண்டார். இசை எஸ். இராஜேஸ்வர ராவ்.

கதை எளியது. ஏழைப்பெண் மாலினி ஒரு நாடகக் குழுவில் சேர்ந்து புகழ் பெறுகிறாள். பேச்சையே மூலதனமாகக் கொண்ட சம்பத் அவளை அங்கிருந்து பிரித்து, அவள் பெயரில் படக் கம்பனி தொடங்குகிறான். கடன் மேல் கடன் வாங்குகிறான். இடி விழும் நேரத்தில் மறைந்துவிடுகிறான். கடன் மாலினியின் தலையில். சம்பத் எவரையும் அடிப்பதில்லை, மிரட்டுவதில்லை. நம்பிக்கையூட்டுகிறான், அவ்வளவே. நாராயண் 1949இல் வெளியிட்ட நாவலில் இச்சம்பத் முதலில் ஓர் அச்சகக்காரனாக வருகிறான். அவனை நம்பிப் பத்திரிகை நடத்தும் ஆசிரியர் ஒருவரும் வருகிறார். அந்நிய மண்ணில் தமிழ்ப் பத்திரிகை அச்சிட்டவர்கள் அப்பகுதியைப் படித்தால் பெருமூச்சு விடாமல் இருக்கமாட்டார்கள்.

எமது வாசகர்களிற் பலருக்குச் சம்பத்தைச் சினிமாவில் பார்க்கவேண்டிய தேவையில்லை. ஊரிலிருக்கும்போது பத்திரிகையின் மூலையில் பார்த்த நான்கு வரி விளம்பரம், ஏஜென்சி என்ற பலகை, கண்ணாடி மேசை, மரியாதையான பேச்சு. காணி உறுதியும் தாலிக்கொடியும் அவன் மேசைக்குப் போயின. வளைகுடாவில் இறங்கியபின் ஒப்பந்தத்தில் எழுதிய வேலை ஒன்று, கொடுத்த வேலை வேறொன்று, கடவுச்சீட்டு முதலாளியின் அலுமாரியில். ஐரோப்பாவுக்கு அனுப்புவதாகச் சொல்லி துபாய் விமான நிலையத்தோடு கைவிடப்பட்டோர் கதைகளையும் நாம் கேட்டிருக்கிறோம். 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் வளைகுடாவின் ஆறு அரசுகளும் கையொப்பமிடவில்லை. அதனால் அங்கு ஏமாற்றப்பட்டவர் அச்சாசனத்தின் பெயரால் தஞ்சம் கேட்பதற்கு வாசல் இல்லை. சம்பத்தின் கடனை மாலினி சுமந்தாள். இவர்களின் கடனை ஊரிலிருக்கும் தாய்மார் சுமந்தனர்.

மிஸ் மாலினியை விமர்சகர்கள் பாராட்டினர். மக்கள் கூட்டம் வரவில்லை. நாடு விடுதலை பெற்ற சில வாரங்களுக்குள் வந்த அப்படத்தில் வாளும் இல்லை, சாமியும் இல்லை. தோல்வியைப் பற்றி வாசன் புலம்பிக்கொண்டிருக்கவில்லை. சந்திரலேகாவுக்குத் திரும்பினார். இயக்குநர் டி. ஜி. இராகவாச்சாரி விலகியபின் தாமே இயக்கப் பொறுப்பையும் ஏற்றார். செலவு 30 இலட்சம் ரூபா அளவுக்கு ஏறிற்று. சொத்துகளை அடகு வைத்தார். நண்பர்களிடம் கடன் பெற்றார். 1948 ஏப்ரலில் படம் வெளியானது. பிரமாண்டமான முரசுகளின் மேல் பெண்கள் ஆடும் காட்சியும், அம்முரசுகளுள்ளிருந்து வீரர் வெளிப்படும் காட்சியும் இன்றும் பேசப்படுகின்றன. தமிழ்ப் பதிப்பினால் முதல் தேறவில்லை. அவர் சோரவில்லை. இந்தியில் மீண்டும் எடுத்து, 600க்கு மேற்பட்ட பிரதிகளுடனும் இந்தியா அதுவரை கண்டிராத பத்திரிகை விளம்பரத்துடனும் அவ்வாண்டு இறுதியில் வெளியிட்டார். சென்னைப் படத்துக்கு வடநாட்டுச் சந்தை திறந்தது அப்போதுதான்.

இல்லாத கதைக்கு விளம்பரம் செய்தவர் வாசன். இல்லாத படத்துக்குக் கடன் வாங்கியவன் சம்பத். தொடக்கத்தில் இருவருக்கும் வேறுபாடு கண்டுபிடிப்பது கடினம். வாசன் தாம் விளம்பரம் செய்ததற்குக் கடமைப்பட்டவராகத் தம்மைக் கருதினார். வாக்குக் கொடுத்த படத்தைத் தம் சொத்தை அடகு வைத்தேனும் முடித்துக் கொடுத்தார். அதனாற்றான் சம்பத்தை அவரால் அச்சமின்றித் திரையில் நிறுத்த முடிந்தது என்று நாம் கருதுகிறோம். தோற்ற கதையை விடாமல், 1952இல் மோதிலாலையும் பத்மினியையும் வைத்து மிஸ்டர் சம்பத் என்று இந்தியில் தாமே இயக்கினார். இலாபக் கணக்கு மாத்திரம் பார்க்கும் வியாபாரி இதைச் செய்யமாட்டான்.

அதன்பின் ஔவையார், வஞ்சிக்கோட்டை வாலிபன், இரும்புத்திரை என்று ஜெமினியின் பட்டியல் நீண்டது. பெரிய ஸ்டூடியோக்களின் காலம் மெல்ல மங்கியது. அங்கே ஊழியராயிருந்த அசோகமித்திரன் தமது முதலாளியைப் பற்றிப் பின்னாளில் ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதினார். அதில் துதியுமில்லை, வசையுமில்லை. வாசன் 1964இல் மாநிலங்களவை உறுப்பினரானார். 1969இல் பத்மபூஷண் விருது பெற்றார். அதே ஆண்டு ஆகஸ்ட் 26ஆம் நாள் காலமானார்.

ஸ்டூடியோ நின்ற நிலத்தில் இன்று நட்சத்திர ஹோட்டல் நிற்கிறது. அருகிலுள்ள மேம்பாலம் 1973இல் கட்டப்பட்டு அண்ணாவின் பெயர் பெற்றது. ஆனால் பஸ் நடத்துநர்கள் ஜெமினி என்றே கூவினர். சந்திரலேகாவை இன்றும் பார்க்கலாம். மிஸ் மாலினியின் பிரதி ஒன்றேனும் எஞ்சியிருப்பதாகத் தெரியவில்லை. சுப்பு எப்படிச் சிரித்துக்கொண்டே கையெழுத்து வாங்கினார் என்பதை அன்று பார்த்தவர்கள் சொல்லக் கேட்டுத்தான் அறியவேண்டும். அவர்களிலும் இப்போது மிகச் சிலரே இருக்கக்கூடும்.