கைப்பிடி சுழற்றியவர்

ஓடுகின்ற குதிரையின் நான்கு கால்களும் ஒரு கணமேனும் ஒருங்கே நிலத்தை விட்டு எழுகின்றனவா? இதற்கு விடை காண 1878-இல் கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் என்பார் பன்னிரண்டு காமிராக்களை வரிசையாக நிறுத்தினார். குதிரை ஓட ஓட நூல்கள் அறுந்தன, படங்கள் பதிந்தன. எழுகின்றன என்பதே விடை!

அசைவைப் பிடிக்கும் அந்த வித்தையை நம் சென்னையில் கதைப்படமாக்கத் துணிந்தவர் விஞ்ஞானி அல்லர். மோட்டார் உதிரி பாகங்கள் விற்ற வணிகர். வேலூரில் 1885-இல் பிறந்த ஆர். நடராஜ முதலியார்தான் அவர். தென்னாட்டின் முதல் மௌனப்படமான 'கீசக வத'த்தை எடுத்தவர் என்று சினிமா வரலாறு அவரைப் போற்றுகிறது. அறிவியல் மாணவனாகிய எனக்கோ அவர் ஒரு பரிசோதனையாளராகவே தெரிகிறார்.

பால்கேயின் 'ராஜா ஹரிச்சந்திரா' 1913-இல் வெளிவந்து முதலியாரின் உள்ளத்தில் ஆசையை மூட்டியது. ஆசை இருந்தால் போதுமா? கற்றுத்தரப் பள்ளி ஏது? கர்சன் பிரபுவைப் படமெடுத்த ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் பூனாவில் இருந்தார். அவரை அண்டித் தொழிலின் அடிப்படைகளைக் கற்றார். தஞ்சைச் செல்வந்தர் ஒருவரிடமிருந்து காமிரா ஒன்றை விலைக்கு வாங்கினார். புரசைவாக்கம் மில்லர்ஸ் சாலையில் இந்தியா பிலிம் கம்பெனி எழுந்தது.

அந்தக் காமிராவுக்கு மோட்டார் கிடையாது. கையால்தான் சுழற்ற வேண்டும். எங்கள் கல்மண்டபத்தை அடுத்த காசிமேட்டில் கைப்பிடியைச் சுழற்றிப் படகு எஞ்சினைக் கிளப்புவார்கள். அங்கே வேண்டுவது வலு. இங்கே வேண்டுவதோ நிதானம். நொடிக்குப் பதினாறு படங்கள் பதிய வேண்டும். ஒரு சுற்றுக்கு எட்டுப் படங்கள். ஆகவே நொடிக்கு இரண்டே சுற்று. கை தளர்ந்து பத்துப் படங்களே பதிந்தால், திரையில் பீமன் குருவிபோல் தத்துவான். கை விரைந்தால் நீரில் மிதப்பவன்போல் நகருவான். அதுமட்டுமா? மெல்லச் சுழன்றால் ஒளி மிகுதியாகப் பட்டுப் படம் வெளுக்கும், விரைந்தால் இருளும். ஒரு கையின் தாளத்தில் காலமும் ஒளியும் ஒருங்கே அடங்கியிருந்தன.

'கீசக வதம்' சுமார் 6,000 அடி நீளம் கொண்டது. ஓர் அடிக்குப் பதினாறு படங்கள் என்று நோட்டுப் புத்தகத்தில் கணக்கிட்டேன். 96,000 படங்கள், 12,000 சுற்றுகள்! வீணான அடிகள் இதில் சேரா. நானும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வெறுங்கையைச் சுழற்றிப் பார்த்தேன். நான்காம் நிமிடத்தில் தாளம் தப்பியது.

ஒளிக்குச் சூரியனே துணை. வெயிலின் கடுமையைத் தணிக்க மேலே வெள்ளைத் துணி கட்டினார்கள். பிலிமைக் கழுவுவதில் இன்னொரு தொல்லை. சென்னை வெப்பத்தில் பிலிமின் மேலுள்ள ஜெலட்டின் இளகிவிடும். அதனால் குளிர்ந்த பெங்களூரில் கழுவுமிடம் அமைத்தார். நாடகத் தந்தை பம்மல் சம்பந்த முதலியாரும் ஆலோசனை கூறி உதவினார். வெளிவந்த ஆண்டை 1917 என்பாரும் 1918 என்பாரும் உளர். செலவு ஏறத்தாழ 35,000 ரூபாய். வரவு 50,000 ரூபாய் என்பர். வணிகருக்கு இது நல்ல கணக்கே. பின்னர் 'திரௌபதி வஸ்திராபகரணம்', 'லவகுசா', 'மார்க்கண்டேயா' முதலிய படங்களையும் எடுத்தார்.

ஆனால் தீ விபத்தும் மகனின் மறைவும் அவரை உலுக்கின. 1923-ஆம் ஆண்டளவில் படத்தொழிலைக் கைவிட்டார். அதன்பின் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் வாழ்ந்தார். தமிழ்ப்படம் பேசியதையும் பாடியதையும் வண்ணம் பூண்டதையும் காணும் காலம் வரை இருந்து, 1971-இல் மறைந்தார். அவர் பயன்படுத்திய நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பற்றும். பற்றாவிடினும் ஆண்டுகள் செல்லச் செல்லத் தானே பொடியாகும். 'கீசக வத'த்தின் பிரதி ஒன்றுகூட இன்று கிடைக்கவில்லை. குதிரையின் கால்களை இன்றும் நூல்களில் காணலாம். நம் பீமன் எப்படி நடந்தான் என்பதை இனி எவரும் காண்பதற்கில்லை.