கைத்திறனுக்குக் கூலி கேட்ட வழக்கறிஞர்

கப்பலோட்டிய தமிழர் என்னும் பெயர் நிலைத்துவிட்டமையால், வ.உ.சிதம்பரனாரின் வாழ்வில் ஒன்பது நாள்கள் சற்றே மறைந்து நிற்கின்றன. அவை கடலில் நிகழ்ந்தவை அல்ல. தூத்துக்குடியின் நூற்பாலை வாயிலில் நிகழ்ந்தவை.

1872 செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் உலகநாத பிள்ளையின் மகனாகப் பிறந்தார் சிதம்பரனார். தந்தையார் வழக்கறிஞர், மைந்தரும் அத்தொழிலையே மேற்கொண்டார். ஏழை எளியவர்க்காக வாதாடுபவர் என்னும் பெயர் இளமையிலேயே அவருக்கு வாய்த்தது. 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனம் கண்டு, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஆங்கிலேயக் கப்பல்களுக்கு எதிராகக் கப்பல் செலுத்தினார்.

அந்நகரில் ஆங்கிலேயர் நடத்திய கோரல் ஆலையில் தொழிலாளர் குறைந்த கூலிக்கு நெடுநேரம் உழைத்தனர். வார ஓய்வும் இல்லை. அறுந்த இழையைக் கணத்தில் கண்டறிந்து, ஓடும் பொறியின் முன்னே ஒட்டிவிடும் விரல்கள் ஏட்டுக்கல்வியால் பழகியவை அல்ல. ஆயினும் ஏடறியாதவன் என்பதே அவ்விரல்களுக்குக் குறைந்த கூலி தருவதற்குப் போதிய காரணமாகக் கருதப்பட்டது. கற்றோர் பலரும் அதனை இயல்பென்றே கொண்டிருந்தனர். சிதம்பரனார் அவ்வாறு கொள்ளவில்லை.

1908 பிப்ரவரி 23ஆம் நாள் அத்தொழிலாளர்க்காக அவர் பொதுக்கூட்டத்தில் பேசினார். நான்காம் நாள், பிப்ரவரி 27இல், ஆலை நின்றது. கூலி உயர்வு, வார ஓய்வு, பிற விடுப்பு வசதிகள் ஆகியவையே கோரிக்கைகள். சுப்பிரமணிய சிவா தோள்கொடுத்தார். அன்றாடக் கூலியை நம்பி வாழ்வோர்க்கு வேலைநிறுத்தம் என்பது பட்டினியின் மறுபெயர். அதனை உணர்ந்த சிதம்பரனார் நகர மக்களிடம் பொருள் திரட்டித் தொழிலாளர் குடும்பங்களைக் காத்தார். மார்ச் 6ஆம் நாள் ஆலையின் தலைமை எழுத்தர் அவரை நாடி வந்தார். தொழிலாளர் ஐம்பதின்மருடன் சென்று சிதம்பரனார் நிருவாகத்தாரைச் சந்தித்தார். கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு ஓய்வுநாள் ஆயிற்று. பிற ஐரோப்பிய நிறுவனங்களின் தொழிலாளரும் அதனால் பயன் பெற்றனர்.

சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இலும், தொழிற்சங்கச் சட்டம் 1926இலும், குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1948இலும் தோன்றியவை. இவற்றுள் எதுவும் இல்லாத காலத்தில் ஈட்டிய வெற்றி அது என்பது ஈண்டு எண்ணத்தக்கது.

அவ்வெற்றிக்குப் பின் ஒரு வாரமும் கழியவில்லை. மார்ச் 12இல் அவர் சிறைப்படுத்தப்பட்டார். மறுநாள் திருநெல்வேலி கொதித்தெழுந்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் வீழ்ந்தன. தூத்துக்குடியிலோ உழைக்கும் மக்கள் வேலையைத் துறந்து வீதிக்கு வந்தனர். எவருக்குக் கூலி கேட்டாரோ அவர்களே, அன்று அவருக்காகத் தம் கூலியை இழந்தனர்.

ஜூலையில் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோவைச் சிறையில் சணல் உரித்துக் கைகளின் தோல் உரிந்தது. பின்னர் மாடு இழுக்கும் செக்கினை அவர் இழுத்தார். உழைப்பிற்கு உரிய கூலி கேட்டவருக்குக் கூலியற்ற உழைப்பே தண்டனையாக வந்தது. சட்டநூல் பயின்ற கைகள், எழுத்தறியாத் தொழிலாளியின் கைகள் அறிந்திருந்ததைச் சிறையில் கற்றுக்கொண்டன எனலாம்.

1912 டிசம்பர் 24இல் விடுதலையானபோது வாயிலில் திரண்ட கூட்டம் இல்லை. கப்பல் நிறுவனமும் இல்லை. சிறு வணிகங்கள் நடத்தினார்; கடன்பட்டார். எனினும் சென்னையில் தொழிலாளர் இயக்கத்துடன் உறவு பூண்டார். வறுமைக்கிடையே தொல்காப்பிய இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தார். திருக்குறளுக்கு உரை கண்டார். உரைவேறுபாடு ஆய்ந்த அந்தக் கைகளில் செக்கின் தழும்பு இருந்தது. புலமையும் உடலுழைப்பும் அவரிடம் ஒன்றையொன்று இழிவாக எண்ணவில்லை.

1936 நவம்பர் 18ஆம் நாள், தாம் விரும்பியவாறே தூத்துக்குடிக் காங்கிரசு அலுவலகத்தில் அவர் உயிர் நீத்தார். அவர் இழுத்த செக்கு சென்னைக் கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் வைக்கப்பட்டுள்ளது. அதன்முன் நிற்போர் சிறைக் கொடுமையை நினைப்பர், அது தக்கதே. அதற்குமுன் ஆலை வாயிலில், எழுதப் படிக்கத் தெரியாத ஐம்பதின்மர் நடுவே நின்று, அவர்தம் விரல்களின் திறனுக்கு விலை பேசிய வழக்கறிஞரையும் அவர்கள் நினைத்தல் வேண்டும்.