கோமகன் ஸ்பொறொவ்ஸ்கியும் அவர் கட்டிய கார்களும்

1921ஆம் ஆண்டு, உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த திங்கட்கிழமை. இங்கிலாந்தின் சறேப் பகுதியிலே, வெய்பிறிட்ஜ் என்னும் ஊருக்கு அணித்தாயுள்ள புறூக்லன்ட்ஸ் பந்தயத் தடத்தில் வசந்தகாலப் பந்தயம் நடைபெற்றது. சீமெந்தினாற் கட்டப்பெற்று, வளைவுகளில் ஒரு மாடிவீட்டின் உயரத்துக்குச் சாய்ந்தெழுந்து நின்ற அந்தத் தடத்தை ஒருமுறை சுற்றிவர இரண்டே முக்கால் மைலாகும். அங்கே அன்று புதிதாக வந்து நின்ற வாகனம் ஒன்று எவ்வகையிலும் அழகுடையதெனச் சொல்லத் தக்கதன்று. நான்கு பேர் இருக்கக்கூடிய முரட்டு மேற்கூடு. அதற்கு முன்னே ஒரு பெட்டகத்தைக் கிடத்தினாற்போன்ற நீண்ட மூக்கு. பின் சில்லுகளைச் சுழற்றுவதற்கு வெளியே தெரியும் தடித்த சங்கிலிகள். பந்தயக்கார்கள் தாழ்ந்து மெலிந்து வந்துகொண்டிருந்த அக்காலத்தில் அது பழங்காலத்துப் பிராணியொன்று வழிதவறி வந்ததுபோல நின்றது. ஆனால் அன்று மாலைக்குள் அது இரண்டு பந்தயங்களை வென்றது. மணிக்கு நூறு மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் அத்தடத்தைச் சுற்றியது. சிட்டி பாங் பாங் என்று அதற்குப் பெயர். அதனைக் கட்டுவித்து ஓட்டியவர் லூயி ஸ்பொறொவ்ஸ்கி என்னும் இருபத்தாறு வயது இளைஞர்.

இப்பெயரை அறியாதவர்களும் அந்தக் காரின் பெயரை அறிவார்கள். இயன் பிளெமிங் எழுதி 1964இல் வெளிவந்த சிறுவர் கதையும், 1968இல் வந்த திரைப்படமும் அதனை உலகெங்கும் கொண்டுசென்றன. கதையிலே பறக்கும் கார் அது. உண்மையில் அது பறக்கவில்லை. ஆயினும் அதன் இதயம் வானத்திலிருந்து வந்ததென்பது மெய்.

ஸ்பொறொவ்ஸ்கி 1895ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் நாள் இலண்டனிற் பிறந்தார். தந்தை வழியினர் 17ஆம் நூற்றாண்டிலேயே போலந்திலிருந்து அமெரிக்காவிற் குடியேறியவர்கள். அவர்கள் தம் பெயரோடு இணைத்துக்கொண்ட கோமகன் என்ற பட்டம் எவ்வளவு உறுதியானது என்பதில் ஐயப்படுவோர் உண்டு. தாய் மார்கரெட், நியூயோர்க் நகரிற் பெருமளவு நிலத்துக்குச் சொந்தக்காரரான அஸ்ரர் குடும்பத்தின் பேர்த்தி. பட்டம் ஐயத்துக்குரியதாயினும் பணம் ஐயத்துக்கு இடமற்றது.

தந்தை எலியட் ஸ்பொறொவ்ஸ்கியும் கார்ப் பந்தயக்காரரே. 1903ஆம் ஆண்டு ஏப்பிரில் முதலாம் நாள், பிரான்சின் தென்கரையில் நீஸ் நகருக்கு அருகேயுள்ள லா ருர்பி என்னும் மலைப்பாதையில், அறுபது பரிவலு மெர்சிடிஸ் ஒன்றிலே விரைந்தேறும்போது பாறையில் மோதி மாண்டார். அவருடைய சட்டைக்கைப் பொத்தான் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கைப்பிடியிற் சிக்கியதே காரணம் என்று ஒரு கதை பிறந்தது. மகனுக்கு அப்போது எட்டு வயது. பதினாறு வயதில், 1911இல், தாயும் இறந்தார். கென்ற் பகுதியில் கன்ரபரி நகருக்கு அருகே தாய் வாங்கிப் புதுப்பித்த ஹையம் மாளிகையும், அமெரிக்காவில் நிலங்களும், எண்ணிச் செலவழிக்கத் தேவையில்லாத செல்வமும் அந்தத் தனிப் பிள்ளைக்கு வந்தன. இவ்வளவு இளவயதில் இவ்வளவு செல்வமும், கண்டிக்கப் பெற்றோர் இன்மையும் ஒருங்கே வாய்த்தால் ஒருவன் எவ்வாறு கெடலாம் என்பதற்குப் பல உதாரணங்கள் உண்டு. ஸ்பொறொவ்ஸ்கி கெடவில்லை, பட்டறைக்குட் சென்றார்.

முதலாம் உலகப்போர் முடிந்ததும் ஐரோப்பாவெங்கும் விமான எஞ்சின்கள் கேட்பாரற்றுக் குவிந்தன. குண்டுவீச்சுக்கென்று செய்யப்பட்ட பேராற்றல் வாய்ந்த இயந்திரங்கள் பழைய இரும்பு விலைக்கு வந்தன. போருக்கு முந்திய பெரிய கார்களின் நிலையும் ஏறத்தாழ அதுவே. அரசர்களும் ஆலை முதலாளிகளும் கண்ணாடிக் கூண்டும் மெத்தை ஆசனமும் பூட்டி ஊர்வலம் போன கனத்த வாகனங்கள் புதுக்காலத்துக்கு ஒவ்வாதனவாகி விட்டன. மோட்டார்த் தொழில் சிறிய கார்களை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தது. இந்த இரண்டு ஒதுக்குப் பொருள்களையும் ஒன்று சேர்த்தால் என்ன என்பதே ஸ்பொறொவ்ஸ்கியின் எண்ணம்.

அவர் எடுத்துக்கொண்டது போருக்கு முற்பட்ட மெர்சிடிஸ் ஒன்றின் அடிச்சட்டம். அதில் ஏற்றியது மேபாக் நிறுவனத்தின் ஆறு சிலிண்டர் விமான எஞ்சின். இங்கே ஒரு விந்தையைச் சொல்லாமல் அப்பாற் செல்ல முடியவில்லை. முதல் மெர்சிடிஸ் காரை வகுத்தவர் வில்ஹெல்ம் மேபாக். அவர் அந்த நிறுவனத்தை விட்டு விலகிய பின், செப்பலின் ஆகாயக் கப்பல்களுக்கு எஞ்சின் செய்யவென்று 1909இல் தொடங்கப்பெற்ற தொழிலகத்தை நடத்தியவர் அவருடைய மகன் கார்ல். ஆகவே தகப்பன் தொடக்கிவைத்த மரபில் வந்த அடிச்சட்டத்தின்மேல் மகன் செய்த எஞ்சின் அமர்ந்தது. தகப்பனை ஒரு மெர்சிடிஸில் இழந்த மகன் அதனை அங்கே அமர்த்தினார்.

அந்த எஞ்சினின் கொள்ளளவு 23 இலீற்றர். 1922இல் இங்கிலாந்தின் நடுத்தர மக்களுக்கென வந்த ஒஸ்ரின் செவின் காரின் எஞ்சின் முக்கால் இலீற்றரே. அத்தகைய முப்பது கார்களின் எஞ்சின்களைச் சேர்த்தாற்றான் இந்த ஒன்றுக்கு ஈடாகும். ஆயினும் அதனைத் தூக்கி வைத்து ஆணி முடுக்கிவிட்டாற் போதாது. விமான எஞ்சின் ஆறுதலாகச் சுழல்வது. ஒவ்வொரு சுழற்சியிலும் பெருவிசையைத் தருவது. சாதாரணக் காரின் பற்சில்லுகளோடு அதைப் பிணைத்தால் வண்டி ஊர்ந்துதான் செல்லும். சில்லுகள் மிகவேகமாகச் சுழலும்படி விகிதத்தை மாற்றவேண்டும். பழைய மெர்சிடிஸின் சங்கிலி அமைப்பு இங்கேதான் உதவிற்று. சங்கிலி ஓடும் பற்சில்லைக் கழற்றி வேறோர் அளவில் மாட்டினால் விகிதம் மாறிவிடும். பழமையென்று தொழிற்சாலைகள் கைவிட்ட முறை பட்டறைக்காரனுக்கு வரமாயிற்று. அப்பால் எஞ்சினின் நீளத்துக்கேற்ப அடிச்சட்டத்தை நீட்ட வேண்டும்; பாரத்துக்கேற்ப வலுப்படுத்த வேண்டும்; முறுக்குவிசையிற் கிளச் எரிந்துபோகாமற் காக்க வேண்டும். நிற்பாட்டும் வழியோ பின்புறத்தில் மாத்திரமே இருந்தது. முன் சில்லுகளுக்குத் தடுப்பே இல்லை. இவற்றையெல்லாம் கணக்கிட்டு நிறைவேற்றியவர் கிளைவ் கலப் என்னும் பொறியியலாளர். முதலாவது பென்ற்லிக் காரின் எஞ்சினை வகுத்ததிலும் பங்குகொண்டவர். ஸ்பொறொவ்ஸ்கியின் புகழ் பேசப்படும் இடங்களிலெல்லாம் கலப்பின் பெயரும் சேர்த்துப் பேசப்படுவதே நியாயம். கோமகன் பணத்தோடு கையையும் கொடுத்தார் என்பதும் உண்மையே. எண்ணெய்க்கறை படிந்த வேலையை அவர் வேலையாட்களிடம் விட்டுவிட்டு அப்பால் நிற்பவரல்லர்.

இருபது ஆண்டுகளின் பின், கலிபோர்னியாவின் இளைஞர்கள் பழைய போர்ட் கார்களின் மட்காட்டைக் கழற்றியெறிந்து, எஞ்சினை மாற்றி, வறண்ட ஏரிப்படுக்கைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். அவ்வகை வாகனத்துக்கு ஹொட் றொட் என்று பெயர் வழங்கலாயிற்று. அவர்களுக்குப் புதுக்கார் வாங்க வழியில்லை. ஸ்பொறொவ்ஸ்கியோ எந்தக் காரையும் விலை கேளாமலே வாங்கக்கூடியவர். அவ்வாறு பல கார்களை வாங்கியுமிருந்தார். வறுமையும் செல்வமும் ஒரே பட்டறை வாசலில் வந்து சந்தித்தன என்பது எனக்கு எப்போதும் வியப்பையே தருகிறது. பிறர் செய்து முடித்த ஒன்றை வைத்திருப்பதில் அவருக்கு நிறைவு உண்டாகவில்லை போலும்.

பழங்காரை இவ்வாறு வெட்டி மாற்றுவது கலைப்பொருளைச் சிதைப்பதாகும் என்போர் இன்று பலர். பெயர்பெற்ற சிற்பியின் தேரை உடைத்து ஏர் செய்வதுபோல என்பார்கள். அவர்கள் கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. எஞ்சியிருப்பவை சிலவாகும்போது ஒவ்வொன்றும் சாட்சியமாகி விடுகின்றது. எனினும் 1921இல் அந்த மெர்சிடிஸுக்குக் காத்திருந்தது காட்சிச்சாலையன்று, இரும்புக்கடை.

முதலாவது சிட்டியைத் தொடர்ந்து இரண்டாவது பிறந்தது, 18.8 இலீற்றர் பென்ஸ் விமான எஞ்சின் பூட்டியது. பந்தயத்திலும் பார்க்கப் பயணத்துக்கே அது உகந்தது. 1922ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஸ்பொறொவ்ஸ்கியும் மனைவி வயலற்றும் கலப்பும் அதனைக் கொண்டு மத்தியதரைக் கடலைக் கடந்து அல்ஜீரியாவிற்குச் சென்று, சகாரா மணலின் விளிம்புவரை ஓட்டித் திரும்பினார்கள். மூன்றாவதாகக் கட்டிய காரில் மெர்சிடிஸின் விமான எஞ்சினே இடம்பெற்றது.

இந்த விளையாட்டுக்கு விலை உண்டு என்பது விரைவிலே தெரிந்தது. 1922 செப்டெம்பரில், புறூக்லன்ட்ஸில் முதலாவது சிட்டி பெருவேகத்தில் ஓடும்போது முன் ரயர் வெடித்தது. வண்டி தடத்தைவிட்டுப் பாய்ந்து, நேரங்குறிப்போரின் கூடத்தை இடித்துச் சென்றது. ஓட்டியவர் தப்பினார், அங்கே கடமையிலிருந்த அலுவலர் ஒருவர் கைவிரல்களை இழந்தார். வேகத்தை நாடிச் செல்பவன் தன் உயிரைப் பணயம் வைக்கலாம்; மற்றவனுடைய விரல்களைப் பணயம் வைக்க அவனுக்கு யார் உரிமை கொடுத்தார்? கோமகனின் வாழ்வை வியந்து எழுதுவோர் இவ்விடத்தை ஒரு வரியிற் கடந்துவிடுவது வழக்கம். அந்த அலுவலருக்கு அது ஒரு வரியாக இருந்திராது.

சொந்தப் பட்டறையின் பூதங்களோடு அமையாது, முறையான பந்தயங்களிலும் ஸ்பொறொவ்ஸ்கி புகுந்தார். அன்று சிறு நிறுவனமாக இருந்த அஸ்ரன் மார்ட்டினுக்குப் பணம் கொடுத்துப் பந்தயக்கார்களைக் கட்டச் செய்து, 1922இல் ஸ்ராஸ்பூர்க்கில் நடந்த பிரெஞ்சுப் பெரும்பந்தயத்தில் ஓட்டினார். 1923இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் பந்தயத்திலும் பங்குபற்றினார். அதே ஆண்டு ஸ்பெயினின் சிற்ஜெஸ் தடத்தில் இரண்டாமிடம் பெற்றார். அவர் திறமையற்ற பணக்காரர் என்று எவரும் சொல்ல முடியாது.

இவற்றுக்கிடையே ஹையம் மாளிகையில் நான்காவது கார் உருவாகிக்கொண்டிருந்தது. அமெரிக்கரின் லிபேர்ட்டி விமான எஞ்சின், பன்னிரண்டு சிலிண்டர், 27 இலீற்றர், 400க்கு மேற்பட்ட பரிவலு. போருக்கு முந்திய பென்ஸ் பந்தயக்கார் ஒன்றின் கியர்ப்பெட்டி. பின்னே வழக்கம்போலச் சங்கிலிகள். ஹையம் ஸ்பெஷல் என்று அதற்குப் பெயர். புறூக்லன்ட்ஸிற் பந்தயமோடிய கார்களுள் அதனிலும் பெரிய எஞ்சின் வேறெதற்கும் இல்லை. அவர் நினைத்தபடி அது முழுமை பெறவில்லை.

1924இல் அவர் மெர்சிடிஸ் நிறுவனத்தின் பந்தய அணியிற் சேர்ந்தார். ஒக்ரோபர் 19ஆம் நாள் இத்தாலியின் மொன்சாத் தடத்தில் அந்நாட்டின் பெரும்பந்தயம் நடந்தது. அணிக்குக் கிடைத்திருந்த எட்டுச் சிலிண்டர்க் கார்கள் ஓட்டுவதற்குக் கடினமானவை என்று பெயரெடுத்தவை. லெஸ்மோ வளைவில் ஸ்பொறொவ்ஸ்கியின் கார் தடத்தைவிட்டு விலகி மரத்தில் மோதிற்று, அவர் மாண்டார். மெர்சிடிஸ் தன் மற்றக் கார்களையும் பந்தயத்திலிருந்து விலக்கிக்கொண்டது. தந்தை மரணத்தன்று அணிந்திருந்த பொத்தான்களையே மகனும் அன்று அணிந்திருந்தார் என்று கதை சொல்லுவார்கள். எனக்கு அது மிகவும் பொருத்தமாக இருப்பதாலேயே நம்பத் தயக்கமாக இருக்கிறது. தந்தையும் மகனும் ஒரே பெயர் தாங்கிய கார்களில் இறந்தார்கள் என்ற உண்மையே போதும். இருபத்தொன்பது வயதில், லெஸ்ரர் பகுதியின் பேர்ட்டன் லாசர்ஸ் தேவாலயத்தில் பெற்றோருக்கு அருகே அவரை அடக்கம் செய்தார்கள்.

அவருடைய நண்பர் ஹோவி என்னும் கப்டனும் அவரும் சேர்ந்து, பதினைந்து அங்குல இடைவெளித் தண்டவாளத்தில் ஒரு சிறு புகையிரதப்பாதை அமைக்கத் திட்டமிட்டு, இரண்டு இயந்திரங்களுக்கும் கட்டளை கொடுத்திருந்தார்கள். ஹோவி தனியே அதனை முடித்தார். 1927இல் தொடங்கிய றொம்னி–ஹைத் சிறுபாதை கென்ற் கரையோரத்தில் இன்றும் ஓடுகிறது.

கார்களின் விதி வேறு. முதலாவது சிட்டி பின்னர் ஆதர் கொனன் டொயிலின் மக்கள் கைக்குச் சென்று, ஈற்றில் துருவேறிக் கிடந்து, உதிரிப்பாகங்களுக்காகப் பிரிக்கப்பட்டது. இரண்டாவது சிட்டி இன்றும் உளது. ஹையம் ஸ்பெஷலை 125 பவுணுக்கு வாங்கியவர் பரி தோமஸ் என்னும் வேல்ஸ் நாட்டுப் பொறியியலாளர். கோமகன் செய்ததையே அவர் கோமகனின் காருக்குச் செய்தார். கழற்றி, திருத்தி, புதிய முசலங்கள் பூட்டி, பாப்ஸ் என்று பெயரிட்டார். 1926 ஏப்பிரிலில், வேல்ஸின் பென்டைன் கடற்கரை மணலில் மணிக்கு 171 மைல் வேகத்தை எட்டித் தரையோட்டத்தில் உலகச் சாதனையை நிறுவினார். அடுத்த பெப்ரவரியில் மல்கம் கம்பல் அதே மணலில் அதனை முறியடித்தார். இழந்ததை மீட்க 1927 மார்ச் 3ஆம் நாள் மீண்டும் ஓடிய தோமஸ், புரண்ட காருடன் உயிரிழந்தார். ஆசனத்தின் தோலைக் கிழித்து, கண்ணாடிகளை உடைத்து, பாப்ஸை அந்த மணலிலேயே புதைத்துவிட்டார்கள்.

நாற்பத்திரண்டு ஆண்டுகள் அது அங்கே கிடந்தது. 1969இல் ஓவன் வின் ஓவன் என்னும் பொறியியல் விரிவுரையாளர் அனுமதி பெற்று அதனைத் தோண்டியெடுத்தார். உப்புநீர் தின்ற உருக்கையும் அலுமினியத்தையும் அவர் பல ஆண்டுகள் ஒவ்வொன்றாகச் சீர்செய்தார். ஸ்பொறொவ்ஸ்கி தேர்ந்தெடுத்த 27 இலீற்றர் எஞ்சின் மீண்டும் உறுமிற்று. பென்டைனில், அது புதைந்துகிடந்த மணலுக்கு எதிரேயுள்ள காட்சிச்சாலைக்கு, அவ்வப்போது அதனைக் கொண்டுவந்து வைக்கிறார்கள்.