பசியோடு காத்திருந்த எலிசபெத்

தரம் 9 இல் படிக்கும்போது எனக்குச் சீனி வருத்தம் என்று கண்டுபிடித்தார்கள். வயதானவர்களுக்கு வரும் வகையல்ல. சதையியில் இன்சுலின் சுரப்பது நின்றுபோகும் முதலாம் வகை. அன்றிலிருந்து ஊசி இல்லாமல் எனக்கு ஒரு நாளும் விடிவதில்லை.

வீட்டுக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். சோற்றையும் பாணையும் நிற்பாட்டினால் சீனி தானாக இறங்கிவிடும், பிறகு ஊசி எதற்கு என்பதுதான் பலரும் சொன்னது. இன்னொரு புத்திமதி உம்மாவின் காதில் மட்டும் மெல்லச் சொல்லப்பட்டது. பொம்புளப் பிள்ளை, நாளைக்குக் கலியாணம் பேச வேண்டும், வெளியில் யாருக்கும் தெரிய வேண்டாம் என்பது அது.

முதலாவது புத்திமதியை நான் ஒரு தடவை செய்து பார்த்தேன். தரம் 10 விடுமுறையில், யாரிடமும் சொல்லாமல் சோற்றையும் இடியப்பத்தையும் விட்டேன். ஊசியையும் நானாகவே பாதிக்கும் கீழே குறைத்தேன். மூன்றாம் நாள் வாந்தி நிற்கவில்லை. மூச்சு வாங்கியது. வாட்டில் சேலைனோடு படுத்திருந்தபோது ஓர் இளம் வைத்தியர் கட்டிலருகில் நின்று, நான் செய்ததை நூறு வருடங்களுக்கு முன்னர் ஒரு சிறுமி வேறு வழியில்லாமல் செய்தாள் என்று சொல்லி அவளுடைய பெயரையும் சொன்னார். எலிசபெத் ஹியூஸ். வீட்டுக்கு வந்ததும் அவளைப் பற்றித் தேடித் தேடி வாசித்தேன். அவளுடைய கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எலிசபெத் 1907 ஆகஸ்ட் 19 இல் அமெரிக்காவில் பிறந்தாள். அப்போது அவளுடைய தந்தை சார்ள்ஸ் எவன்ஸ் ஹியூஸ் நியூயோர்க் மாநிலத்தின் ஆளுநர். பின்னர் அவர் உயர் நீதிமன்ற நீதியரசரானார். 1916 இல் ஜனாதிபதித் தேர்தலில் போட்டியிட்டு வூட்ரோ வில்சனிடம் தோற்றார். 1921 இல் அந்நாட்டின் வெளிநாட்டமைச்சரானார். பணமோ பதவியோ குறைவில்லாத குடும்பம். ஆனால் எலிசபெத்துக்கு 11 வயதான காலத்தில் நீரிழிவு வந்தபோது, அந்தப் பணத்தைக் கொடுத்து வாங்குவதற்கு உலகத்தில் எங்குமே மருந்து இருக்கவில்லை.

அந்த நாளில் இந்த நோய் வந்த பிள்ளைகள் அநேகமாக ஓரிரு வருடங்களுக்குள் இறந்துவிடுவார்கள். அதன் காரணத்தை நம்முடைய உயிரியல் பாடத்தை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். நாம் உண்ணும் காபோவைதரேற்று குளுக்கோசாக மாறிக் குருதியில் சேர்கிறது. அந்தக் குளுக்கோசு தசைக் கலங்களுக்குள் செல்ல இன்சுலின் வேண்டும். இன்சுலின் இல்லாவிட்டால் குருதியில் சீனி நிரம்பி வழியும், கலங்களோ பட்டினி கிடக்கும். உடல் தன் கொழுப்பை எல்லையில்லாமல் எரிக்கத் தொடங்கும். அதனால் உண்டாகும் கீற்றோன்கள் குருதியை அமிலமாக்கும். வாந்தி, வேகமான மூச்சு, மயக்கம், கடைசியில் மரணம். நான் வாட்டுக்குப் போனதும் இந்த வழியில் பாதித் தூரம் நடந்துதான்.

எலிசபெத்தை 1919 இல் பிரெடெரிக் அலன் என்ற வைத்தியரிடம் கொண்டு சென்றார்கள். நீரிழிவுக்கு அமெரிக்காவில் பெயர் பெற்றவர் அவர். உடலால் பயன்படுத்த முடியாத உணவைக் கொடுக்கக்கூடாது என்பது அவருடைய முறை. முதலில் சிறுநீரில் சீனி இல்லாமல் போகும்வரை நோயாளியைப் பட்டினி போடுவார். பிறகு காபோவைதரேற்றை மிக மிகக் குறைத்து, மொத்த உணவையும் குறைத்து, சீனி மீண்டும் தென்படாத அளவுக்கு மட்டும் சாப்பிடக் கொடுப்பார். மரக்கறியைக்கூட மூன்று தடவை அவித்து ஒவ்வொரு தடவையும் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் கொடுப்பார்கள். அதில் மிஞ்சியிருக்கும் மாப்பொருளும் சீனியும் கழுவுப்பட்டுப் போக வேண்டுமாம்.

அலனிடம் போகும்போது எலிசபெத்தின் எடை 75 இறாத்தல். முதலில் ஒரு வாரம் பட்டினி. அதன் பின் வாரக்கணக்கில் நாளொன்றுக்கு 400 முதல் 600 கலோரி மட்டும். அத்தோடு வாரத்தில் ஒரு நாள் முழுப் பட்டினி. வளர்கின்ற ஒரு பிள்ளைக்குத் தேவையானதில் அது மூன்றிலொரு பங்குகூட இல்லை. ஒரு தாதி எப்போதும் அவளோடு இருந்தார். ஒவ்வொரு துண்டு உணவையும் தராசில் நிறுத்தார். சிறுநீரைத் திரும்பத் திரும்பச் சோதித்தார். நாம் ஆய்வுகூடத்தில் பெனடிக்ற் கரைசலைச் சூடாக்கி, நீலம் செங்கட்டிச் சிவப்பாக மாறுவதைப் பார்த்து மகிழ்கிறோம். எலிசபெத்தின் வீட்டில் சிறுநீரில் சீனி தென்பட்டால் அடுத்த நாள் அவளுடைய தட்டு இன்னும் சிறிதாகும்.

எல்லாப் பிள்ளைகளாலும் இதைத் தாங்க முடியவில்லை. சிலர் ஒளித்து உண்டு நோயால் இறந்தார்கள். சிலர் கட்டுப்பாட்டை ஒழுங்காகக் கடைப்பிடித்து, மெலிந்து மெலிந்து பட்டினியாலேயே இறந்தார்கள். அலன் இரக்கமில்லாதவர் என்று நான் நினைக்கவில்லை. அந்த நேரத்தில் அவர் கையில் இருந்தது அது ஒன்றுதான். அவர் கொடுத்தது சுகமல்ல, தவணை. தன்னுடைய முறை நோயைக் குணமாக்காது என்பது அவருக்கும் தெரிந்தே இருந்தது.

அந்தத் தவணையை எலிசபெத் வீணாக்கவில்லை. நிறைய வாசித்தாள். பிரிந்திருந்த காலங்களில் தாய்க்கு நீண்ட கடிதங்கள் எழுதினாள். அந்தக் கடிதங்கள் இன்றும் ரொறன்ரோப் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. சாகப்போகும் பிள்ளையின் புலம்பல் அவற்றில் இல்லை, எதிர்காலத்தைப் பற்றிய திட்டங்களே இருக்கின்றன. 1920 இல் அவளுடைய மூத்த சகோதரி ஹெலன் காசநோயால் இறந்துபோனார். ஒரு மகளை அடக்கம் செய்த பெற்றோர் இன்னொரு மகள் கண் முன்னே கரைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1922 ஆகஸ்டில் அவளுடைய எடை 45 இறாத்தல். கிலோவில் சொன்னால் 20 அளவில். 15 வயதாகப் போகும் ஒருத்திக்கு நம் தரம் 1 பிள்ளையின் எடை. நடப்பதற்கே சக்தியில்லை.

இதற்கிடையில் கனடாவின் ரொறன்ரோ நகரத்தில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. 1921 கோடையில் பிரெடெரிக் பான்டிங் என்ற இளம் சத்திரசிகிச்சை வைத்தியரும் சார்ள்ஸ் பெஸ்ட் என்ற மாணவரும் பேராசிரியர் மக்லியொட்டின் ஆய்வுகூடத்தில் நாய்களின் சதையியிலிருந்து ஒரு சாற்றைப் பிரித்தெடுத்தார்கள். ஜேம்ஸ் கொலிப் என்ற உயிரிரசாயனவியலாளர் அதைத் தூய்மையாக்கினார். 1922 ஜனவரியில் சிறுவன் லெனர்ட் தொம்சனுக்கு அது ஊசியாக ஏற்றப்பட்டது. ஜனவரி 11 இல் ஏற்றிய முதல் ஊசி சரிவரவில்லை. 12 நாள் கழித்து ஏற்றிய தூய சாறு அவனைப் பிழைக்க வைத்தது. அதுதான் இன்சுலின்.

செய்தி எலிசபெத்தின் தாய்க்கு எட்டியதும் அவர் பான்டிங்குக்கு எழுதினார். மருந்து போதாது என்று முதலில் அவர் மறுத்துவிட்டார். சில வாரங்களின் பின் சம்மதித்தார். எத்தனையோ பிள்ளைகள் காத்துக் கிடக்க அமைச்சரின் மகளுக்கு இடம் கிடைத்ததை வாசித்தபோது எனக்கு உறுத்தலாக இருந்தது. ஆனால் அதே கோடையில், பதவி எதுவுமில்லாத குடும்பத்தைச் சேர்ந்த டெடி ரைடர் என்ற 5 வயதுச் சிறுவனையும் பான்டிங் ஏற்றுக்கொண்டிருந்தார் என்று அறிந்தபோது மனம் கொஞ்சம் ஆறியது.

1922 ஆகஸ்ட் நடுப்பகுதியில் எலிசபெத் ரொறன்ரோவை அடைந்தாள். ஊசி போடத் தொடங்கியதும் பான்டிங் செய்த முதல் காரியங்களில் ஒன்று அவளுடைய உணவைக் கூட்டியது. இரண்டாவது வாரத்திலேயே நாளொன்றுக்கு 2200 கலோரிக்கு மேல் கொடுத்தார். மூன்று வருடங்களாகக் கண்ணால் மட்டும் பார்த்த பாண் அவளுடைய தட்டுக்கு வந்தது. அந்த நாளைய இன்சுலின் தூய்மை குறைந்தது. அதனால் அதிக அளவில் ஏற்ற வேண்டும், நன்றாக நோகும். எலிசபெத் தன் ஊசியைத் தானே போடப் பழகிக்கொண்டாள். சில மாதங்களில் அவளுடைய எடை இரண்டு மடங்கைத் தாண்டியது. நவம்பர் முடியும்போது வீடு திரும்பிவிட்டாள்.

பான்டிங்கும் பெஸ்டும் கொலிப்பும் அமெரிக்காவில் பெற்ற இன்சுலின் உரிமத்தை ஆளுக்கொரு டொலருக்கு ரொறன்ரோப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். 1923 இல் பான்டிங்குக்கும் மக்லியொட்டுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இருவரும் பரிசுப் பணத்தைப் பெஸ்டோடும் கொலிப்போடும் பகிர்ந்துகொண்டார்கள். பான்டிங் பிறந்த நவம்பர் 14 தான் இன்று உலக நீரிழிவு தினம்.

எலிசபெத் 1929 இல் நியூயோர்க்கின் பார்னார்ட் கல்லூரியில் பட்டம் பெற்றார். அடுத்த வருடம் வில்லியம் கொசெற் என்ற சட்டத்தரணியை மணந்து மூன்று பிள்ளைகளுக்குத் தாயானார். உயர் நீதிமன்ற வரலாற்றுச் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். 1981 இல் தம் 73 வது வயதில் மரணித்தார். 58 வருடங்களில் அவர் போட்ட ஊசிகள் ஏறத்தாழ 42,000.

ஆனால் அந்த 42,000 ஊசிகளையும் அவர் மறைவாகவே போட்டார். மிக நெருங்கிய ஒரு சிலரைத் தவிர வேறு எவருக்கும் தமக்கு நீரிழிவு என்று தெரியவிடவில்லை. மெலிந்திருந்த காலத்துப் படங்களை அழித்தார். தந்தையைப் பற்றிய பதிவுகளில் தம் நோய் பற்றி இருந்த குறிப்புகளையும் நீக்கச் செய்தார். இன்சுலினின் வரலாற்றை எழுதிய மைக்கல் பிளிஸ் என்ற ஆய்வாளர் தேடிச் சென்றபோதுதான், அந்தச் சிறுமி முதியவராக இன்னமும் உயிரோடு இருப்பது வெளியே தெரிந்தது.

இந்த இடத்துக்கு வந்ததும் நான் வாசிப்பை நிறுத்திவிட்டேன். உம்மாவின் காதில் சொல்லப்பட்ட இரண்டாவது புத்திமதி நினைவுக்கு வந்தது. எலிசபெத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சாகப்போகிறாள் என்று எல்லோரும் பரிதாபமாகப் பார்த்த பார்வையை அவர் மூன்று வருடம் சுமந்தவர். இனி ஒருபோதும் அந்தப் பார்வை வேண்டாம் என்று நினைத்திருப்பார். எனக்கும் அந்தப் பார்வை பிடிப்பதில்லை.

என்றாலும் அவருடைய கதையிலிருந்து நான் எடுத்துக்கொண்டவை இரண்டு. ஒன்று, உணவைக் குறைப்பது இன்சுலினுக்குப் பதிலாகாது. எலிசபெத் பட்டினி கிடந்தது அதுவே மருந்து என்பதற்காக அல்ல, மருந்து வரும்வரை உயிரோடு இருப்பதற்காக. எனக்கோ அந்த மருந்து அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் இலவசமாகக் கிடைக்கிறது. இன்றும் சிலர் வைத்தியரின் ஆலோசனையோடு காபோவைதரேற்றைக் குறைத்து, அதற்கேற்ப இன்சுலினையும் அளந்து சரிசெய்து நன்றாக வாழ்கிறார்கள். அது வேறு. சோற்றைக் குறைத்துவிட்டு ஊசியைப் பழைய அளவிலேயே போட்டால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கி மயக்கம் வரும். ஊசியை நாமாக நிறுத்தினால் நான் போன வாட்டுக்குத்தான் போக வேண்டும். இப்போது நான் சோற்றைக் கோப்பையால் அளந்து சாப்பிடுகிறேன். வைத்தியர் நோன்பு பிடிக்க வேண்டாம் என்று சொன்ன முதல் ரமழானில் அழுதேன். நோயாளிக்கு அல்லாஹ்வே சலுகை தந்திருக்கிறான் என்று வாப்பா விளங்கப்படுத்திய பிறகு, என் நோன்புகளுக்காக ஏழைகளுக்கு உணவு கொடுக்கிறோம்.

இரண்டாவது, நான் மறைக்கப் போவதில்லை. போன தவணையில் ஒரு நாள் இரசாயனவியல் பாடத்தின்போது எனக்கு வியர்த்துக் கை நடுங்கியது. வாய் திறந்து சொல்ல முடியவில்லை. பக்கத்தில் இருந்த தோழி என் பையைத் திறந்து குளுக்கோசை எடுத்து எனக்குக் கரைத்துத் தந்தாள். அது எந்தப் பையறையில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நான்தான் சொல்லி வைத்திருந்தேன்.

இந்தக் கட்டுரையை சஞ்சிகைக்குக் கொடுக்கலாமா என்று உம்மாவிடம் கேட்டேன். வாசித்துப் பார்த்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார். பிறகு, பெயரைப் போட்டே கொடுக்கச் சொன்னார்.